பி.எட். படிக்க வருபவருக்கு வழி சொல்வது யார் வேலை?

ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது தகுதி இழந்து, அது நீதிமன்றம் வரைக்கும் போய், செய்தித்தாளில் நாலு வரி வந்துவிட்டால் போதும், தமிழ்நாட்டுக் கல்வி வட்டாரத்தில் ஒரே பதில்தான் எழும்: “பி.எட். படிக்க வருகிறவர்கள் என்ன சின்னப் பிள்ளைகளா? ஒரு பட்டம் வாங்கியவர்கள். விதிமுறை எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. பார்த்துச் சேர வேண்டியதுதானே?” கல்வியியல் கல்லூரி நிர்வாகங்கள் இதைச் சொல்கின்றன. கலை அறிவியல் கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். பெற்றோர்கூடப் பல நேரம் இதையே சொல்லித்தான் பிள்ளையைத் திட்டுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் படிப்பு என்பது எப்படிப்பட்ட படிப்பு என்று தெரியாமல், அல்லது தெரிந்தும் தெரியாததுபோல், சொல்லப்படும் பதில் இது. எதைப் படித்தால் எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆசிரியராகலாம், எதைப் படித்தால் ஆக முடியாது என்பதை ஒவ்வொரு மாணவரையும் தனியே உட்கார வைத்து, அவருடைய மதிப்பெண் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவது கல்லூரியின் கடமை. அது சலுகையோ கூடுதல் சேவையோ இல்லை. வாங்கும் கட்டணத்துக்குள் அடங்கிய வேலை.

மற்றப் படிப்புகளோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். பி.காம். முடித்தவர் வங்கித் தேர்வு எழுதப் போனால் ‘ஏதாவது ஒரு பட்டம்’ இருந்தால் போதும். எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்று மொழி, எந்த வரிசையில் படித்தார் என்று யாரும் துருவுவதில்லை. ஆசிரியர் பணி அப்படியில்லை. அங்கே பட்டம் என்பது தனியாக நிற்கும் தாள் அன்று, ஒரு சங்கிலியின் கண்ணி. +2 முடித்த பிறகுதான் பட்டம் பெற்றாரா, இளங்கலையில் என்ன பாடம், முதுகலையும் அதே பாடமா, பி.எட்.டில் எந்தப் பாடத்துக்கான கற்பித்தல் முறை, ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாளா இரண்டாம் தாளா, இவ்வளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் காவல்காரர் வேறு. பி.எட்.டுக்கு அங்கீகாரம் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். சிறப்புக் கல்வியில் பி.எட். என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமமும் வருகிறது. பட்டம் வழங்குவது 2008-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். இளங்கலைப் பட்டம் எதற்கு இணை என்று தீர்மானிப்பது உயர்கல்வித் துறையின் அரசாணை. தேர்வு வைத்து ஆள் எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். இவர்கள் எல்லோருக்கும் மேலே நீதிமன்றங்கள். இந்த ஆறேழு இடங்களில் சிதறிக் கிடப்பதைத்தான் ‘இணையத்தில் இருக்கிறது’ என்கிறார்கள். இருக்கிறதுதான். வைத்தியப் புத்தகமும் கடையில் கிடைக்கிறது. அதற்காக நோயாளியே மருந்து எழுதிக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். பி.எட். விண்ணப்பத்தில் ‘பயிற்று மொழி’ என்று ஓர் இடம் இருக்கும். தமிழ் அல்லது ஆங்கிலம், ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து, அரசு கலைக் கல்லூரியில் வரலாற்றையும் தமிழ் வழியிலேயே முடித்த ஒரு பெண் அந்த இடத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் என்று போட்டால் தனியார் பள்ளியில் மதிப்பு என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். ஆங்கிலத்தைக் குறித்துவிடுகிறார். வகுப்பில் நடக்கப்போவது என்னவோ இரண்டும் கலந்த பாடம்தான். ஆனால் அந்த ஒரு குறியோடு அவர் இழப்பது என்ன? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பு தொடங்கி அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்குரிய கல்வித் தகுதியில் பி.எட்.டும் அடக்கம். ஆக, பள்ளியிலும் கல்லூரியிலும் பதினைந்து ஆண்டு தமிழில் படித்துச் சேர்த்த உரிமை, விண்ணப்பத்தில் போட்ட ஒரு குறியில் போய்விடுகிறது. விண்ணப்பத்தின் அந்த இடத்தில் இதைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் இருப்பதில்லை. சட்டம் ஓரிடத்தில் இருக்கிறது, விண்ணப்பம் ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு கட்டணத்துக்கு ரசீது போடுபவருக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.

பாடப் பொருத்தத்துக்கு வருவோம். ஆசிரியர்களுக்குள்ளே ‘சேம் மேஜர்’, ‘கிராஸ் மேஜர்’ என்று ஒரு பேச்சு உண்டு. முதுகலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ, இணையென்று அறிவிக்கப்பட்ட பாடமாகவோ இருக்க வேண்டும். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர், பி.எட்.டும் முடித்த பிறகுதான் தாம் கிராஸ் மேஜர் என்று அறிகிறார். பொருளியலும் வணிகவியலும் படித்தவர்கள் கதை வேறு. அந்தப் பாடங்கள் மேல்நிலை வகுப்பில்தான் தனிப் பாடமாக நடக்கின்றன, ஆகவே முதுகலை முடித்தால்தான் இங்கே பி.எட். சேர்க்கையே. பி.காம். சேரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு, ஆசிரியராக வேண்டுமென்றால் உனக்கு மூன்றாண்டு போதாது, மொத்தம் ஏழாண்டு என்று அந்த வயதிலேயே தெரிய வேண்டாமா? கணினி அறிவியலில் பட்டமும் பி.எட்.டும் வாங்கியவர்கள் பல ஆண்டாக ஏமாந்து நிற்பதும் இதனால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியலுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் உண்டு. கணினிக்கு அப்படி ஒரு பணியிடம் உருவாகவில்லை. இடம் இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் பட்டம் கொடுத்துக் கட்டணம் வாங்கியவர்கள், சேரும் நாளில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் இல்லையா?

இவற்றுக்கு மேல் இணைத்தன்மைச் சிக்கல். தன்னாட்சிக் கல்லூரிகள் மாணவர்களை ஈர்க்கப் பட்டங்களுக்குப் புதுப் புதுப் பெயர் வைக்கின்றன. பழைய பாடத்துக்கு முன்னால் ‘பயன்பாட்டு’ என்றோ பின்னால் ‘தொழில்நுட்பத்துடன்’ என்றோ ஒட்டிவிட்டால் துண்டுப் பிரசுரத்தில் நன்றாக இருக்கிறது. அது அரசுப் பணிக்கு மூலப் பாடத்தோடு இணையா இல்லையா என்பதை உயர்கல்வித் துறை குழு வைத்துப் பார்த்து அரசாணையாக அறிவிக்கிறது. ‘இணையானது’, ‘இணையானதல்ல’ என்று ஒவ்வொன்றாக. பட்டம் தொடங்கிய நாளுக்கும் அரசாணை வரும் நாளுக்கும் நடுவே எத்தனையோ அணி மாணவர்கள் படித்து வெளியேறிவிடுகிறார்கள். பெயர் வைத்தது கல்லூரி, ஒப்புதல் தந்தது பல்கலைக்கழகம், தகுதி இழப்பது மாணவர். இதில் ‘நீ பார்த்துச் சேர்ந்திருக்க வேண்டும்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த மாணவர் சேரும்போது பார்ப்பதற்கு அரசாணையே இருந்திருக்காது. அப்போது அவருக்குத் தேவைப்பட்டது, ‘இந்தப் பட்டத்துக்கு இன்னும் இணைத்தன்மை வாங்கவில்லை, ஆசிரியர் வேலை உன் நோக்கமானால் பக்கத்து வகுப்பில் பழைய பெயரில் இருக்கும் பட்டத்தில் சேர்’ என்று சொல்லும் ஒரு நேர்மையான ஆசிரியர்.

தவறு எப்போது வெளியே தெரிகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தையல் வகுப்பில் தப்பாக வெட்டினால் துணியைப் போட்டுப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். ஆசிரியர் படிப்பில் நடந்த தவறு தெரிய ஏழெட்டு ஆண்டு ஆகும். மாணவர் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் தேறி, அறிவிக்கை வரக் காத்திருந்து, நியமனத் தேர்வும் எழுதி, கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்து மேசையின் முன்னால் கோப்போடு உட்காரும்போதுதான் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், +2 சான்றிதழ், பருவவாரியான மதிப்பெண் பட்டியல்கள், பட்டமளிப்புச் சான்றிதழ், பி.எட்., தமிழ் வழிச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று எல்லாம் வரிசையாக விரிக்கப்படும். சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது தேதிகளை. +2-க்கு முன்னால் பட்டமா? ஓராண்டில் வாங்கிய கூடுதல் பட்டமா? முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை வழியில் நேரடியாக வாங்கிய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009-ல் சொல்லிவிட்டது. ஓராண்டு ‘இரட்டைப் பட்டம்’ வாங்கிய இடைநிலை ஆசிரியர்களின் பதவி உயர்வு வழக்கு ஆசிரியர் சங்கங்களை இரண்டாகப் பிளந்ததும், கலந்தாய்வுகள் நின்றதும் பணியில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டங்களை யாரும் திருட்டுத்தனமாக அச்சடிக்கவில்லை. பல்கலைக்கழகங்களே விளம்பரம் கொடுத்து, கட்டணம் வாங்கி, தேர்வு வைத்து, முத்திரை குத்திக் கொடுத்த பட்டங்கள் அவை.

இதற்குச் சொல்லப்படும் வலுவான மறுமொழி ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. “விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இன்று நாங்கள் ஒன்று சொல்லி, நாளை அரசு வேறு சொன்னால் மாணவர் எங்களைத்தானே பிடிப்பார்?” என்கிறார்கள். மாறுகின்றன என்பது முழு உண்மை. ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. 150-க்கு 90 வாங்க வேண்டும் என்ற நிலையில் தேறியவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 2014-ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆனது. அதே ஆண்டு, பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, +2-க்கு 10 என்று ‘வெயிட்டேஜ்’ வந்தது. என்றோ +2 எழுதியவர்களின் பழைய மதிப்பெண் திடீரென்று உயிர்பெற்று எழுந்து அவர்களைக் கீழே தள்ளியது. 2018-ல் அரசாணை 149 அந்த முறையை எடுத்துவிட்டு, தகுதித் தேர்வுக்குப் பிறகு இன்னொரு நியமனத் தேர்வு என்றது. அதே 2018-ல் பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கும் ஆசிரியராகலாம், சேர்ந்த பிறகு ஆறு மாதப் பயிற்சி எடுத்தால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லாது என்றது. வயது வரம்பு 2020-ல் பொதுப் பிரிவுக்கு 40 என்று குறுகி, 2023-ல் 53 என்று விரிந்தது. 2025 செப்டம்பர் 1-ல் வந்த தீர்ப்போ பணியில் இருப்பவர்களையே தொட்டது: ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மிச்சமிருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

இவ்வளவு மாற்றமும் எதற்குச் சாட்சி? மாணவரைத் தனியே விடலாம் என்பதற்கா, விடக்கூடாது என்பதற்கா? விதி நிலையாக இருந்தால் ஒரு தடவை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும், ஆலோசகரே வேண்டாம். விதி மாறுவதால்தான் தொடர்ந்து கவனித்து, மாறிய அன்றைக்கு மாணவரைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. 2018-ல் பி.எட். சேர்ந்த ஒருவரிடம், ‘தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று இப்போது சொல்கிறார்கள், ஆனால் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்காரர்கள் இதை எதிர்க்கிறார்கள், வழக்கு வரலாம், இதை மட்டும் நம்பி இருக்காதே’ என்று சொல்ல சோதிடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துறையில் இருப்பவருக்குத் தெரிந்த சங்கதிதான் அது. நாளை நடப்பதற்கு உத்தரவாதம் தரச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இன்றைய தேதியில் உள்ள விதி இது, இது உறுதி, இது வழக்கில் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மாணவர் வந்து பிடிப்பார் என்ற பயம் உண்மையில் எழுத்தில் கொடுப்பதால் குறையும். வாய் வார்த்தையாக ‘எல்லாம் சரியா வரும்மா’ என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் இருக்க வேண்டும்.

‘எங்களிடம் மென்டார் முறை இருக்கிறதே’ என்பது அடுத்த பதில். இருக்கிறது. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம் கேட்கப்படும் என்பதால், கல்லூரிதோறும் மென்டார் நோட்டு உண்டு. அதில் என்ன இருக்கிறது? இரத்த வகை, அப்பா தொழில், விடுதியா வீடா, வருகைப் பதிவு, ‘மாணவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற ஒரு வரி, கையெழுத்து. என்ன அறிவுரை என்று இருக்காது. இளங்கலைப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணை, முதுகலை எதில் சேரப் போகிறார், தகுதித் தேர்வில் எந்தத் தாள் என்ற மூன்று வரி அந்த நோட்டில் சேர்ந்தால் அது அன்றைக்கே வேறு நோட்டு ஆகிவிடும். இப்போது அந்த மூன்று வரியை மாணவர் எங்கே தேடுகிறார் என்றால், யூடியூப் சேனல்களிலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் பயிற்சி மையங்களிலும்தான். அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அரசாணை வந்த அரை மணி நேரத்தில் விளக்கிச் சொல்லும் ஆர்வலர்களுக்கு ஆசிரியர் உலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு உங்கள் மதிப்பெண் பட்டியல் தெரியாது, தப்பாகச் சொன்னால் கேட்க வழி கிடையாது, பயிற்சி மையமாக இருந்தால் அடுத்த அணிக்கு ஆள் சேர வேண்டும். இதைவிட மோசம், வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று ‘நான் அட்டெண்டிங்’ சேர்க்கை நடத்தும் இடங்கள். அங்கே கல்வி ஆலோசகர் யாரென்றால் இடைத்தரகர்.

‘பட்டம் பெற்ற பெரியவர்கள்’ என்ற அடிப்படை வாதத்துக்கு இப்போது திரும்பலாம். வயது வந்தவர் என்பதால் விற்பவருடைய பொறுப்பு குறைந்துவிடுமா? காப்பீடு வாங்குபவரும் வீடு வாங்குபவரும் வயது வந்தவர்கள்தான்; ஆனாலும் விற்பவர் உண்மைகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. படிப்பில் மட்டும் சேருகிறவன் தலையில் எல்லாம் என்பது என்ன நியாயம்? பி.எட். வகுப்புகளில் பெண்களே அதிகம். அதில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். சொல்லித் தர அக்கா இல்லை, தெரிந்த அதிகாரி இல்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு ‘கிராஸ் மேஜர் ஆயிடும், எம்.எஸ்சி.யே போடு’ என்று சாப்பாட்டு வேளையில் அப்பா சொல்லிவிடுவார். ஆலோசனை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் ஆசிரியர் இருப்பவர்களுக்கு மட்டும். ‘அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற கொள்கை நடைமுறையில் அந்தப் பிள்ளைகளுக்கு முன்வரிசை கொடுப்பதாகத்தான் முடிகிறது. இடஒதுக்கீட்டைப் பற்றி இவ்வளவு பேசும் மாநிலத்தில் இந்த ஓரவஞ்சனை யார் கண்ணிலும் படாமல் இருப்பது வியப்பு.

“வேலையே இல்லாத காலத்தில் திட்டம் எதற்கு?” என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. 2023-ல் பட்டதாரி ஆசிரியர், வட்டார வள மையப் பயிற்றுநர் பணிக்கு வந்த அறிவிக்கையில் 2,222 இடம். இடைநிலை ஆசிரியருக்கு 2024-ல் 1,768 இடம். காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்பது சரி. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு வேறு. இடம் நிறைய இருக்கும்போது ஒரு சின்னத் தகுதிக் குறைபாட்டை அடுத்த அறிவிக்கையில் சரிசெய்துகொள்ளலாம். பல ஆண்டுக்கு ஒரு முறை கதவு திறக்கும்போது, வாசல் வரை வந்தவர் தேதிக் குழப்பத்தால் திரும்பிப் போனால் அவருக்கு இன்னொரு வாசல் இல்லை. தவிர, நேர்மையான ஆலோசனை என்பது ‘சேர்’ என்று சொல்வது மட்டும் இல்லை. உன் பாடத்தில் இடம் மிகக் குறைவு, பட்டம் கையில் இருக்கட்டும் என்ற நினைப்பில் இரண்டு ஆண்டும் பணமும் செலவழிக்காதே என்று சொல்வதும் ஆலோசனைதான். கல்லூரிகள் இந்த வேலையில் கை வைக்கத் தயங்குவதற்கு இதுவே உண்மைக் காரணம் என்று நான் நினைக்கிறேன். காலியிடங்களை நிரப்பத் திண்டாடும் கல்லூரிக்கு, வேண்டாம் என்று சொல்லும் ஆலோசகர் கட்டுப்படியாகாது.

நேரமில்லை, ஆளில்லை என்ற வாதத்துக்குக் கணக்குப் போட்டாலே போதும். இரண்டாண்டு பி.எட்.டுக்கு 2014-ல் வகுத்த விதிப்படி, ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் கல்லூரியில், இரண்டு ஆண்டும் சேர்த்து 200 மாணவருக்கு, 16 முழுநேர ஆசிரியர் இருக்க வேண்டும். தலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மாணவர். ஒருவருக்கு நாற்பது நிமிடம் வீதம் ஆண்டுக்கு இரண்டு தடவை உட்கார்ந்தாலும் மொத்தம் பதினாறு, பதினேழு மணி நேரம். அதே விதி வாரத்துக்கு 36 மணி நேரம் கல்லூரி நடக்க வேண்டும் என்கிறது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அரை வார வேலை. இதற்கு ஆளில்லை என்று ஒரு கல்லூரி சொன்னால், பதிவேட்டில் இருக்கும் 16 பேர் வகுப்பறையில் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஆசிரியப் பணி அறப்பணி, அதை வேலைவாய்ப்புக் கணக்காகச் சுருக்கக்கூடாது என்பார்கள் சிலர். அறப்பணிதான். அதைச் செய்வதற்கு முதலில் பள்ளிக்குள் நுழைய வேண்டும். மேலும் இந்த ஆலோசனையைக் கல்விக்கு வெளியே உள்ள காரியமாக நினைப்பதே தவறு. இருபது வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்கிறார் மாணவர். சின்னப் பிள்ளைகளோடு அவருக்கு ஒத்துப்போகிறதா, மேல்நிலை வகுப்பில்தான் அவர் குரல் எடுபடுகிறதா என்பதை மேற்பார்வையிடும் ஆசிரியர் பார்க்கிறார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு ‘நீ முதுகலை முடி, உனக்குப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புதான் சரி’ என்று சொல்வதைவிடப் பெரிய கற்பித்தல் எது? இப்போது அந்த இருபது வாரம் முடிந்ததும் பதிவேட்டை வாங்கி வைத்து மதிப்பெண் போடுவதோடு சரி.

இந்தப் பொறுப்பு கல்வியியல் கல்லூரியோடு நிற்பதில்லை. சங்கிலியின் முதல் கண்ணி கலை அறிவியல் கல்லூரியில், ஏன், +2 முடித்த கோடையிலேயே மாட்டப்படுகிறது. பள்ளி மாணவருக்குக் ‘கல்லூரிக் கனவு’ போன்ற வழிகாட்டி நிகழ்ச்சிகளை அரசு 2022 முதல் நடத்துகிறது, நல்ல காரியம். ஆனால் அது கல்லூரி வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. உள்ளே போன பிறகு மூன்றாண்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, +2 முடித்ததும் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். என்று புதிய வழி ஒன்று நாடு முழுக்கத் திறக்கிறது. மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம் போன்ற இடங்களில் பல்லாண்டாக இருந்ததுதான். இப்போது திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் வரை வந்திருக்கிறது, அதற்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு. தேசியக் கல்விக் கொள்கை 2030-க்குள் இதுவே ஆசிரியருக்கான குறைந்தபட்சப் பட்டம் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, 2025-ல் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில் இன்று +2 படிக்கும் பிள்ளை எந்த வழியில் போக வேண்டும் என்பதை, ‘இணையத்தில் பார்த்துக்கொள்’ என்று சொல்லி முடித்துவிட முடியாது.

வரும் ஜூனில் பி.எட். சேரப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். என் இளங்கலைப் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணை, அதற்கு அரசாணை எண் என்ன, எந்தப் பயிற்று மொழியில் என்னைச் சேர்க்கிறீர்கள், இந்தப் பட்டத்தை வைத்து நான் எந்த வகுப்புக்கு ஆசிரியராக விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்று அதில் எழுதிக் கொடுத்து, பதிலும் தேதியும் முதல்வர் கையெழுத்தும் கேளுங்கள். அதைத் தர மறுக்கும் கல்லூரியில் முன்பணம் கட்டாதீர்கள்.